டப்பாவில் மண் இல்லை

1

நம் தெருக்கோடி எல்லையம்மனைக் கும்பிடுகிற அனைவருக்கும் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து தேவராஜ் எழுதுவது. பாடி லேத் பட்டறையில் வேலை பார்த்த முனுசாமி மகன் தேவராஜ் என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். வராதவர்கள் கோயில் கமிட்டியில் இருக்கும் ஏகாம்பரத்தைக் கேட்டால் சொல்லுவான். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் பதினோரு வருடம் நின்றவர்கள்.

குடமுழுக்கு மலருக்கு நாலு பக்கம் எழுதச் சொல்லிப் போன மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. கடிதத்திலும் அவன் பேசுகிற மாதிரியேதான் எழுதுவான். சாலையை உயர்த்திவிட்டதால் மழைத் தண்ணீர் கோயிலுக்குள் வந்து பழைய புற்று கரைந்துபோய்விட்டதாம். புதிதாகப் பீடம் கட்டுகிறார்களாம். முன்பு பிரசாதமாகப் புற்று மண் வாங்கிப்போனவர்களிடம் ஒரு சிட்டிகை திரும்ப வாங்கிப் பீடத்துக்கு அடியில் வைப்பதாக ஏற்பாடு. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்:

“உன்னாண்ட கீற டப்பாவுலேர்ந்து ஒரு சிட்டிகை கவர்ல போட்டு அனுப்பு நைனா. நம்ம மண்ணுலயே உன்னுதுதான் ரொம்ப தூரம் போன மண்ணு. அத்த பீடத்துக்கு நட்டநடுவுல வைக்கணும்னு கமிட்டில முடிவு பண்ணிகீறோம்.”

கடிதத்தை மூன்று முறை படித்தேன். படித்துவிட்டு மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். ஏனென்றால் எட்டு வருடமாக அவன் ஒவ்வொரு கடிதத்திலும் “டப்பா பத்திரமா கீதா” என்று கேட்பதும், நான் “அம்மன் அருளால் பத்திரம்” என்று பதில் எழுதுவதும் வழக்கம். அது பொய். டப்பா இருக்கிறது. மண் இல்லை.

கவரில் வேறு ஏதாவது மண்ணைப் போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். என் வீட்டுப் பின்புறம் நிறைய செம்மண் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. ஆனால் பீடத்துக்கு அடியில் போகிற பொருள். அதனால்தான், ஏகாம்பரத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லாமல், மலரிலேயே அச்சாகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்று காலையில்தான் என் மகள் கவிதா சிநேகிதிகள் இரண்டு பேரோடு காரில் மெல்போர்னுக்குக் கிளம்பிப் போனாள். அங்கே நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. எட்டு வருடம் முன்னால் நாங்கள் வந்த அதே சாலை, எதிர்ப்பக்கமாக.

2

நான் ஐ.டி.ஐ. வரைக்கும் படித்தவன். என் மனைவி சரோஜா வெள்ளானூர்க்காரி, எட்டாவது. அவள் அண்ணன் சேகர் முன்பே மெல்போர்னில் இருந்தார். லேத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று அவர்தான் எண்பத்தேழில் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார். அப்போது கவிதாவுக்கு ஆறு வயது.

கிளம்புவதற்கு முதல் நாள் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான். கையில் கறுப்பு பிலிம் ரோல் டப்பா. காலையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போய், பூசாரியிடம் சொல்லிப் புற்றிலிருந்து எடுத்து வந்த மண்.

“இன்னாத்துக்குடா இது, குங்குமம் போதாதா?” என்று கேட்டேன்.

“குங்குமம் கடையில கெடைக்கும். இது கெடைக்குமா? கடல் தாண்டி போற, மாமே. போற எடத்துல எல்லை எதுன்னு உனுக்கு இன்னா தெரியும்? இத்த வச்சுகினு போ. அவ பாத்துப்பா.”

நம் தெருவில் பிள்ளை பெற்றவளுக்கும், புது வண்டி வாங்கியவனுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கும் முதலில் நெற்றியில் இடுவது அந்த மண்தானே. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மெல்போர்ன் விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கினார்கள். கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோனார்கள். சரோஜாவின் குங்குமப் பையில் இருந்த டப்பாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அம்மன் அவர்கள் கண்ணைக் கட்டினாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அங்கே போனதும் முதல் கஷ்டம் பெயரில் வந்தது. நமக்கெல்லாம் குடும்பப் பெயர் என்று ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்ததால் என்னை எல்லா ஆபீசிலும் ‘மிஸ்டர் முனுசாமி’ ஆக்கிவிட்டார்கள். செத்துப்போன அப்பாவுக்குத் தினம் ஒரு கடிதம் வரும். மின்சார ஆபீசிலிருந்து, வரி ஆபீசிலிருந்து. சரோஜா பாடு இன்னும் மோசம். அவள் ‘மிஸஸ் முனுசாமி’. மாமனார் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவள் குடும்பப் பெயர் கேட்டால் இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் இல்லாவிட்டால் கவிதாவைப் பார்ப்பாள். ஆறு வயதுக் குழந்தை எக்கி நின்று, “முனுசாமி” என்று தாத்தா பெயரை உரக்கச் சொல்லும்.

என் ஐ.டி.ஐ. சான்றிதழையும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருட அனுபவம் என்று எழுதிக் கொடுத்தால், அதை யார் பார்த்தது என்று கேட்டார்கள். இரண்டு முறை பரீட்சை வைத்தார்கள். முதல் முறை தோற்றேன். கைக்கு வேலை தெரிந்தது. கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல வாய்க்குத் தெரியவில்லை. இரண்டாம் முறைக்கு ஒரு வருடம் காத்திருந்து, அதுவரை ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்கினேன். பிறகுதான் லேத்தில் நிற்க விட்டார்கள்.

3

தொண்ணூற்றொன்றில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் அப்படிப் பல இடங்களை மூடினார்கள். ஏழு மாதம் வேலை இல்லாமல் சேகர் வீட்டின் பின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். மைத்துனர் நல்லவர்தான். ஆனாலும் ஏழு மாதம் என்பது யார் வீட்டிலும் நீண்ட காலம். நான் கடைசி உருண்டைச் சோற்றைத் தட்டில் விட்டு எழுந்துவிடுவதை சரோஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. பெர்த்தில் கப்பலுக்கு உதிரி பாகம் கடைகிற பட்டறை. நான் போட்ட அறுபது, எழுபது விண்ணப்பத்தில் ஒன்று. போர்மேன் பேசினார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சொந்தக் கருவிகளோடு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறான் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர், மச்சான்,” என்றார் சேகர்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சென்ட்ரலில் ஏறி டெல்லிக்குப் போய், அங்கே இறங்காமல் திரும்பிப் பாதி வழிக்கு மேல் வந்தால் அந்தத் தூரம். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. கருவிப் பெட்டியின் கனத்துக்கு விமானத்தில் போக வழியில்லை. எங்களிடம் இருந்தது பதினைந்து வருடப் பழைய வண்டி ஒன்றுதான்.

வியாழன் விடியற்காலை கிளம்பினோம். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். டப்பாவைத் திறந்து மண்ணை மூன்று பேர் நெற்றியிலும், வண்டி நெற்றியிலும் இட்டேன். பூசணிக்காயைக் கையில் எடுத்ததும் சேகர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

“மச்சான், உன் கால்ல உழறேன். போன வருஷம் நான் ஒடச்சதுக்கே எதுர் ஊட்டுக்காரன் போலீசை கூப்ட்டான். எவனையோ கொல பண்ணிட்டாங்கன்னு நெனச்சிகினான்.”

“திருஷ்டி கழிக்காம எப்படி மச்சான் கெளம்புறது?”

“தூக்கிகினு போ. பெர்த்துல போயி ஒட. அங்க உன்னை யாருக்கும் தெரியாது.”

பூசணிக்காயும் வண்டியில் ஏறியது. கவிதா மடியில் அதை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிற வண்டியில் சிநேகிதி வீட்டைத் தாண்டிப் போகும்போது குனிந்து பூசணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

4

வியாழனும் வெள்ளியும் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் ஆனால் லாரிகள் நிற்கிற இடமாகப் பார்த்து வண்டியிலேயே படுத்தோம். சரோஜா புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். இரண்டு நாளுக்கு அதுதான்.

அந்தச் சாலையைப் பற்றி என்ன எழுதுவது? பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சைக்கிளில் போனவனுக்குச் சாலை என்றால் என்ன? பஸ், லாரி, மாட்டு வண்டி, ஷிப்டு முடிந்து வருகிற கூட்டம், டீக்கடை, நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட் போட்டிருந்தால் திட்டுவோம். திட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவனிடம் பேச ஆரம்பித்து, கேட் திறக்கும்போது அவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை சொல்லியிருப்போம். இந்தச் சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம். பக்கத்தில் மரம்கூட இல்லை, முழங்கால் உயரப் புதர். அரை மணிக்கு ஒரு வண்டி எதிரே வரும். வருகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். முதலில் என்னைத் திட்டுகிறான் என்று நினைத்தேன். அது வணக்கமாம். சரோஜா ஒவ்வொருத்தனுக்கும் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

“எத்தினி பேருக்குமா கும்புடுவ?” என்றாள் கவிதா.

“வரவங்களே நாலு பேரு. அவங்களுக்கும் இல்லன்னா எப்டி?”

டப்பா எனக்கு முன்னால், வண்டிப் பலகையின் மேல், டாஷ்போர்டு என்பார்களே அதன் மேல் இருந்தது. ஒவ்வொரு முறை வண்டி குலுங்கும்போதும் கையை வைத்துப் பிடித்துக்கொள்வேன். திங்கட்கிழமை, ஏழு மணி, அம்மா தாயே. இதுதான் வாயில் ஓடியது.

5

சனிக்கிழமை மத்தியானம், பெர்த் இருக்கிற மேற்கு மாநிலத்தின் எல்லைக்கு வந்தோம். சாலைக்குக் குறுக்கே ஒரு கொட்டகை, தடுப்புக் கட்டை. நம் ஊர்ச் செக்போஸ்ட் போல இருந்ததால் லைசென்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தொப்பியும் அரைக்கால் சட்டையும் போட்ட ஐம்பது வயது அம்மாள் வந்தார். அவர் லைசென்சைப் பார்க்கவே இல்லை. முன்னால் தொங்கிய எலுமிச்சையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்த மாநிலத்துக்குள் பழம், காய், விதை, தேன், மண் எதையும் கொண்டுபோகக் கூடாது. பூச்சியும் நோயும் பரவி அவர்கள் பயிர் கெட்டுவிடுமாம். மெல்போர்னில் யாரும் இதைச் சொல்லவில்லை. அல்லது சொல்லியும் எனக்குப் புரியவில்லையோ என்னவோ.

எலுமிச்சைத் தோரணம் போனது. வெங்காயம், கறிவேப்பிலை போனது. பூசணிக்காயைக் கவிதா இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். அதை உடைக்காமலே கொடுக்கிறோமே என்று வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டேன். சீப்பில் ஆறு வாழைப்பழம் இருந்தது. தின்றுவிட்டால் பரவாயில்லை என்று அந்த அம்மாள் சொன்னதைக் கவிதா சொன்னதும் சரோஜா உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஆளுக்கு ரெண்டு. துன்னுங்க. குப்பையில போடறதுக்கா வாங்கினோம்?”

கொட்டகை நிழலில் நின்று மூன்று பேரும் வாழைப்பழம் தின்றோம். அந்த அம்மாள் தோலை வாங்கிக்கொள்ளக் கூடையை நீட்டினார். பிறகு கையில் இருந்த அட்டையைப் பார்த்துக் கடைசிக் கேள்வி கேட்டார். மண் ஏதாவது இருக்கிறதா?

இல்லை என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப வேண்டும். நான் மறைக்க நினைத்துச் சொல்லவில்லை. மண் என்றால் தொட்டியில் இருப்பது, செருப்பில் ஒட்டுவது. டப்பாவில் இருந்தது மண் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்பா, டப்பா,” என்றாள் கவிதா.

“அது மண்ணு இல்ல. சாமி.”

“மண்ணுதாம்பா.”

“வாய மூடு.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி ஆங்கிலத்தில், எங்களிடம் கொஞ்சம் மண் இருக்கிறது, வண்டிப் பலகை மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். எங்கள் தெருவில் இருக்கிற கறையான் புற்றிலிருந்து எடுத்தது, அதில் சாமி இருக்கிறது என்று குழந்தை விளக்கம் சொன்னாள். கறையான் என்று கேட்டதும் அந்த அம்மாள் மூடியை இறுக்கி மூடினார்.

நான் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பூராவும் அங்கே செலவானது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, டப்பாவை இங்கே கொடுத்துவிட்டுப் போகலாம். இல்லை, டப்பாவோடு வந்த வழியே திரும்பிப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு பக்கம் சேகர் வீட்டுப் பின் அறை. இன்னொரு பக்கம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், திங்கட்கிழமை ஏழு மணி. சரோஜா ஏதாவது ஒரு வழியைச் சொல்லியிருந்தால் பழியை அவள் மேல் போட்டிருப்பேன்.

செருப்பைக் கழற்றினேன். டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நானே அந்த அம்மாள் கையில் கொடுத்தேன்.

ஏகாம்பரம், இதைத்தான் எட்டு வருடமாக உன்னிடம் சொல்ல முடியவில்லை. பிடுங்கிக்கொண்டார்கள் என்றால் எப்போதோ எழுதியிருப்பேன். பிடுங்கவில்லை. வேலைக்காக நான் கொடுத்தேன்.

மண்ணை என்ன செய்வீர்கள் என்று கவிதா கேட்டாள். இங்கேயே சுட்டு, பின்னால் இருக்கிற குழியில் ஆழமாகப் புதைத்துவிடுவோம் என்றார். ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று சரோஜாவிடம் குடும்பப் பெயர் கேட்டார். சரோஜா உதட்டை இறுக்கிக்கொண்டாள். நான் அப்பால் போய் நின்றிருந்தேன். கவிதாதான் “முனுசாமி” என்றாள். டப்பாவை மட்டும் மருந்து போட்டுக் கழுவித் துடைத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மாள்.

6

அதற்குப் பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர் நான் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற பிள்ளையே காட்டிக் கொடுத்துவிட்டதே என்று உள்ளே கொதித்தது. கண்ணாடியில் பார்த்தால் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் முள் ஏறியது. இன்ஜின் சூடு காட்டுகிற முள். வண்டியை ஓரம் கட்டித் திறந்தேன். வாட்டர் பம்பு மூட்டில் தண்ணீர் கசிந்து ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. பம்புக்கு நடுவில் வைக்கிற காஸ்கெட், அந்த மெல்லிய அட்டை, வெந்து பிய்ந்துவிட்டது.

“பாத்தியா,” என்றேன் சரோஜாவிடம். “அவளை எறக்கி உட்டுட்டு வந்தோம் இல்ல? அரை நாள்கூட தாங்கல.”

சரோஜா கீழே இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“ஏங்க, அவ யாரு? எல்லையம்மன். நம்ம தெருவுல அவள ஊட்டுக்குள்ளயா வெச்சிருக்காங்க? ஊர் கடைசில, வெளியில, வெயில்லதான உக்காந்துகினு கீறா. நாமதான் டப்பால போட்டு அடைச்சிகினு சுத்தினோம். இப்ப அவ எடத்துக்கு அவ போயிட்டா. வர்றவன் போறவன பாத்துகினு எல்லையில கீறா. நீங்க பம்ப பாருங்க.”

அவள் எட்டாவதுதான் படித்தவள். எந்தச் சாமியாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்த நிமிஷம் ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்தேன்.

பாடியில் காஸ்கெட் கடையில் வாங்குகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. காலண்டர் அட்டையைப் பம்பு முகத்தின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் பூராவும் தட்டிக்கொண்டே வந்தால் இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிவிடும். கிரீஸ் பூசி மூட்டினால் ஊர் போய்ச் சேரும். ஆனால் அட்டை? பிஸ்கட் பெட்டி மெலிசு. சுற்றிலும் தேடினேன். புதர், கல், வானம்.

சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. கவிதா அவளுடைய படம் வரைகிற நோட்டின் கெட்டி அட்டையைக் கிழித்து என் முன்னால் நீட்டினாள். நான் கேட்கவில்லை. பட்டறைக் கதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன். கவனித்திருக்கிறாள்.

அட்டையை வாங்கினேன். அதில் கங்காரு ஒன்று பொட்டு வைத்துக்கொண்டு நின்றது.

தட்ட ஆரம்பித்தேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு அட்டை நகராமல் விரலால் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“நீதானப்பா சொன்ன, அம்மன் முன்னாடி பொய் சொல்லக் கூடாதுன்னு. அவங்க கேக்கும்போது அம்மன் டப்பாலதான் இருந்தாங்க. கேட்டுகினு இருந்தாங்க இல்ல?”

சுத்தியல் நின்றுவிட்டது.

“பதிமூணு ஸ்பேனர் எடு,” என்றேன்.

சரியாகப் பதிமூன்றாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள்.

மூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினோம். வண்டியைக் கிளப்பும்போது நெற்றியில் வைக்க ஒன்றும் இல்லை. சரோஜா குங்குமம் வைத்தாள். மறுநாள் விடியுமுன் கிளம்பி, சாப்பிடக்கூட இறங்காமல் ஓட்டினேன். முள் ஏறவில்லை. ஞாயிறு இருட்டின பிறகு பெர்த்துக்குள் வந்தோம். மேற்கே வர வர நேரம் பின்னால் போகுமாம், கடிகாரத்தை இரண்டு மணி நேரம் திருப்பி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்குப் பட்டறை வாசலில் கருவிப் பெட்டியோடு நின்றேன். போர்மேன் ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தார். எங்கிருந்து வருகிறாய் என்றார். மெல்போர்ன் என்றேன். அதற்கு முன்னால் என்றார். பாடி என்றேன். சரி, உள்ளே வா, முனுசாமி என்றார்.

7

அன்றிலிருந்து அதே பட்டறைதான். நாலரைக்கு எழுந்து குளித்து விளக்கேற்றுவேன். கற்பூரம் ஏற்றினால் கூரையில் இருக்கிற புகை மணி அலறும். சரோஜா கீழே நின்று துண்டால் விசிறுவாள். எட்டு வருடமாக எங்கள் வீட்டுக் கோயில் மணி அதுதான். விளக்குக்குப் பக்கத்தில் அந்தக் காலி டப்பாவை வைத்திருக்கிறேன்.

கவிதா இரண்டு வருடமாக விளக்குக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. நம்ம பாஷையை நன்றாகப் பேசுவாள், அதுவும் பாடி பஸ் ஸ்டாண்டில் பேசுகிற மாதிரியே பேசுவாள். ஆனால் எழுத்து தெரியாது. இதை அவளால் படிக்க முடியாது. சாமியில் நம்பிக்கை இல்லை என்று போன வருடம் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் சத்தம் போட்டேன். எதையும் மறைக்க மாட்டாள் என்பதுதான் அவளுடைய பத்து வயதிலேயே எனக்குத் தெரியுமே.

அவள் கிளம்பிய காலையில், அவள் என்ன சொன்னாலும் சரி என்று நாலு எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்குப் போனேன். அவள் சிநேகிதிகள் வேடிக்கை பார்த்தார்கள். கவிதா, நான் நாலு சக்கரத்துக்கும் வைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நாலும் நசுங்குகிற வரைக்கும் மெதுவாக ஓட்டினாள்.

ஏகாம்பரத்தின் கடிதத்தை அதற்கு முதல் நாள் சாப்பிடும்போது அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். இன்னா எழுதப் போறப்பா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் போன் வந்தது. பின்னால் லாரி சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்டது.

“அப்பா, எல்லைக்கு வந்துட்டேன்.”

“வண்டி சூடாவுதா?”

“வண்டி நல்லாக்கீது. அந்தக் கொட்டா இன்னும் கீதுப்பா. வேற ஆளுங்க. குழி எங்கன்னு கேட்டேன். எல்லாம் எப்பவோ மூடியாச்சாம், பின்னால வெறும் தரை. அங்க போயி நின்னேன். செருப்ப கழட்டிட்டுதாம்பா நின்னேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அப்பா, கேக்குதா? ஒரு பிடி எடுத்து ஏகாம்பரம் மாமாவுக்கு அனுப்பட்டா? நேரா கவர்ல போட்டு, இன்னான்னு மேல எழுதியே அனுப்பறேன். உட்டாங்கன்னா போவுது.”

பக்கத்தில் சரோஜா போனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“வேணாம்மா,” என்றேன். “அங்கியே இருக்கட்டும். நீ தாண்டிப் போவணும் இல்ல.”

“சரிப்பா. போன்ல போட்ட காசு தீந்துது,” என்றாள்.

ஏகாம்பரம், கமிட்டியில் எல்லோருக்கும் சொல்லிவிடு. என் பங்கு இல்லாமலே பீடத்தை வையுங்கள். நட்டநடுவில் வேறு யாருடைய மண்ணையாவது வையுங்கள். பொய் சொன்னதற்கு அம்மன் காலில் விழ, உயிரோடு இருந்தால் அடுத்த ஆடிக்கு வருவேன். நீ கொடுத்த மண் தொலைந்துபோகவில்லை. அது இருக்கிற இடம் எனக்குத் தெரியும். என் மகளுக்கும் தெரியும்.